உனக்கென்ன, நேரம் இருக்கிறது!

கிராம சபைக் கூட்டத்துக்கு வரச் சொன்னால், "உனக்கென்ன, நேரம் இருக்கிறது, நீ போய் வா" என்கிறார்கள் ஊரில். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யாருக்கு நேரம் இருக்கிறது? நேற்று இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான், எங்கள் தெருக் குடிநீர்த் தொட்டியைப் பற்றித் தகவல் உரிமை மனு எழுத உட்கார்ந்தேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டப் பசை இல்லை. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். இனி பதிலுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறைதான் கூடுகிறது. அதில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் அரசு விடுமுறைகூட இல்லை. போனால் எனக்கு ஒரு நாள் கூலி போகும். இருந்தும் போகிறேன். எங்கள் ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். மே 1 அன்று ஒவ்வொரு தலையாக எண்ணினேன், 41 பேர். மாலையில் வருகைப் பதிவேடு வீடு வீடாகப் போனது. வராதவர்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் தொட்டித் தண்ணீரில் புழு நெளிகிறது என்று என்னிடமே புலம்பியவர்கள்!

தொட்டியைக் கழுவி எட்டு மாதம் ஆகிறது. அந்தத் தண்ணீரைத்தான் அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கின்றன. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு எதிர்வீட்டு அக்காவைக் கையைப் பிடித்தாவது அழைத்துப் போகப்போகிறேன். சமையலை முந்தின இரவே முடித்துவிடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.