ஜிபே பண்ணியுடு கண்ணு

நேத்து ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய ரெண்டு முழம் மல்லி வாங்கினேன். சில்லறை இல்லீங்கம்மான்னதும் பூக்காரம்மா "ஜிபே பண்ணியுடு கண்ணு"ன்னு அட்டைய எடுத்து நீட்டுனாங்க. பாத்தா அது போன்பே அட்டை, ஊதா கலர்ல பளிச்சுன்னு இருக்கு. நான் காசு அனுப்புனது பேடிஎம்ல. ஆக அந்த இடத்துல கூகுளுக்கு ஒரு வேலையும் இல்ல, பேரு மட்டும் அவிங்களுது. உண்மையா காசக் கொண்டுபோய் சேக்குறது யுபிஐ, ஆனா "யுபிஐ பண்ணு"ன்னு எங்க ஊர் கடைல ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல.

இத்தனைக்கும் அந்த ஆப் 2017ல வந்தப்ப பேரு தேஸ். அடுத்த வருசந்தான் கூகுள் பே ஆச்சு. அத நம்மாளுங்க ஜிபேன்னு சுருக்கி, கூட ஒரு 'பண்ணு' போட்டாங்க, முடிஞ்சுது, தமிழாயிருச்சு. ஜெராக்ஸுக்கும் இதேதான நடந்துச்சு, எந்த கம்பெனி மிசின் வெச்சிருந்தாலும் போர்டுல ஜெராக்ஸ் கடைதான்.

கம்பெனிக்காரங்களுக்கு இது சந்தோசமா இருக்கும்னுதான் நெனச்சிட்டிருந்தேன், அப்படி இல்லையாம். 2006ல ஆக்ஸ்போர்டு டிக்சனரி கூகுள வினைச்சொல்லா சேத்தப்ப, எங்க தளத்துல தேடுனா மட்டும் அப்படி சொல்லுங்கன்னு கூகுளே கேட்டுச்சு. பேரு பொதுச்சொல்லா ஆயிட்டா டிரேட்மார்க் போயிரும்ங்கற பயம், எஸ்கலேட்டர்ங்கறதும் ஒரு காலத்துல டிரேட்மார்க் பேருதான், அது அப்படித்தான் அமெரிக்காவுல போச்சு. போங்கய்யா, பூக்காரம்மாகிட்ட போய் சொல்லுங்க.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது, எந்தப் பேருக்குப் பின்னாடி எந்த வினை வரணும்னு யாரும் சொல்லிக் குடுக்காமயே ஊரே ஒண்ணா பேசறது. ஜிபே 'பண்றோம்', கூகுள்ல 'தட்டிப் பாக்கறோம்', யூடியூப்ல 'போடறோம்'. வாட்ஸப்ல ஸ்டேட்டஸ் மட்டும் 'வைக்கிறோம்', என்னமோ சாயங்காலம் வாசல்ல விளக்கு வைக்கிற மாதிரி, அதுவும் 24 மணி நேரத்துல தானா அணைஞ்சுரும். வாட்ஸப்புக்கு தமிழ்ல புலனம்னு ஒரு பேரு வெச்சாங்க, கல்யாணப் பத்திரிகைல நம்பருக்குப் பக்கத்துல பாத்திருக்கேன், பேச்சுல கேட்டதில்ல. முகநூல் மட்டும் எழுத்துலயாச்சும் பொழச்சுது. ட்விட்டர் 2023ல எக்ஸ்னு மாறியும் இன்னும் ட்வீட்தான், "எக்ஸ் போட்டேன்"னு சொன்னா ஒரு மாதிரியா பாப்பாங்க.

ஆனா எல்லாம் ரசிக்கற மாதிரி இல்ல. டிக்டாக்க இங்க 2020 ஜூன்ல தடை பண்ணி எத்தன வருசம் ஆச்சு, ஆப் போச்சு, 'டிக்டாக்காரி' போகல. எங்க பெரியம்மா எதிர்வீட்டுப் புள்ள மாடில நின்னு ஆடி போன்ல எடுத்தா "டிக்டாக்காரி, வேலவெட்டி இல்ல"ம்பாங்க. அந்தப் புள்ள போடறது இன்ஸ்டால, அது அவங்களுக்கு அவசியமில்ல, அந்த வார்த்தை அவங்களுக்கு ஆப் பேரே இல்ல, திட்டு. போன வாரம் பெரியம்மாவோட சொந்தப் பேத்தி அதே பாட்டுக்கு ஆடி போட்டிருந்தா. போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "பாப்பா ரீல்ஸ் பண்ணிருக்கா பாரு, ஒரு லைக் போடு"ங்கறாங்க.