7.5% கோட்டா: அந்த ஃபார்வர்ட் தப்பு

"பத்தாவது வரை பிரைவேட்ல படிங்க, பிளஸ் ஒன்னுக்கு கவர்மெண்ட் ஸ்கூல் மாறினா 7.5% கோட்டால சீட் கன்ஃபார்ம்"னு ஒரு மெசேஜ் சுத்துது. இது தப்புங்க. மெடிக்கல், இன்ஜினியரிங் மாதிரி படிப்புல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்குனு தமிழ்நாட்டுல ஒதுக்கி வச்ச சீட்தான் இந்த 7.5%. 6ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும், எட்டு வரை ஆர்டிஇ-ல (கல்வி உரிமைச் சட்டத்துல கிடைக்கற இலவச சீட்) பிரைவேட்ல படிச்சிட்டு ஒன்பதுல இருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கும் உண்டு, அவ்ளோதான். எய்டட் ஸ்கூல் (அரசு உதவி பெறும் பள்ளி) இதுல வராது. மெடிக்கலுக்கு 2020லயும் இன்ஜினியரிங், லா, அக்ரி மாதிரி படிப்புக்கு 2021லயும் வந்த சட்டம் இது.

எங்க தெருவுல ஒரு அக்கா இத நம்பி பையனோட டிசி வாங்கவே கிளம்பிட்டாங்க, பாவம். எந்த வகுப்பு எந்த ஸ்கூல்னு சர்டிஃபிகேட்ல வரிசையா எழுதி, ஹெட்மாஸ்டர் கையெழுத்தோட கேப்பாங்க. டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன்) வெப்சைட்ல இருக்கற தகவல் கையேட்டுல நீங்களே பாருங்க. தயவுசெஞ்சு அந்த மெசேஜ யாருக்கும் அனுப்பாதீங்க.