கீழக்கரை வீட்டு கேமராவை வெளியூர் டிவியிலும் பார்க்கலாம்

"கேமராவும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் படம் வரும், கீழக்கரை வீட்டைச் சென்னை டிவியில் பார்க்கவே முடியாது" என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அது பாதிதான் சரி.

192.168 என்று தொடங்கும் கேமரா முகவரியை (வீட்டு ரவுட்டர் கேமராவுக்குக் கொடுக்கும் எண்) டிவியில் நேரடியாகப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு அது உண்மை. அந்த எண்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும். அதே எண் பாம்பனில் ஒரு வீட்டிலும் இருக்கும், தொண்டியில் இன்னொரு வீட்டிலும் இருக்கும். ஆனால் இணையம் வழியே பார்க்க வசதியுள்ள கேமராவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் ஆப்பில் வரும் படத்தைப் போனிலிருந்து டிவிக்கு அனுப்பும்போது, போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். கேமரா எந்த ஊரில் இருந்தாலும் சரி.

நீங்களே சோதித்துப் பாருங்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறங்கள். படம் வருகிறதா? அப்படியானால் பார்ப்பவர் கேமரா இருக்கும் வைஃபையில் இருக்க வேண்டியதில்லை. அப்புறம் வைஃபையைப் போட்டு, போன் திரையை டிவிக்கு அனுப்புங்கள்.

புயல் நேரத்தில் கரண்ட் போய் வீட்டு ரவுட்டர் அணைந்தால் படம் நிற்கும், அது வேறு விஷயம். வயதான பெற்றோரை ஊரில் தனியாக விட்டு வந்தவர்கள் அந்தச் சகோதரர் சொன்னதை நம்பி முயற்சியைக் கைவிடக் கூடாது என்றுதான் எழுதினேன்.