எல்லாப் படத்துக்கும் ஒரே பேலட்

கேம் படங்களின் நிறங்களைக் குறைப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் உள்ள ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக 16 நிறத்துக்குக் குறைக்கிறது. அப்படிச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் தனி பேலட் (நிறப் பட்டியல்) அமைந்து, கேமில் நடக்கும் பாத்திரத்தின் சட்டை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நிறம் மாறும், பட்டவன் சொல்கிறேன். பைத்தானின் பட நூலகமான பில்லோவில் முதலில் எல்லாப் படங்களையும் ஒன்றாக ஒட்டி, அதை குவாண்டைஸ் செய்து (அதாவது 16 நிறத்துக்குக் குறைத்து), கிடைக்கும் பேலட்டையே ஒவ்வொன்றுக்கும் கொடுங்கள். பேலட்டில் இல்லாத நிறத்தைப் புள்ளிகள் கலந்து காட்டும் டிதரிங்கை அணைத்துவிடுங்கள். சும்மா விட்டால் ஃபிளாய்ட்-ஸ்டைன்பெர்க் என்ற டிதரிங் முறை ஓடி, அனிமேஷனில் புள்ளிகள் நெளியும்.

அப்புறம், பின்னணி வானம் பெரிய படமாக இருந்தால் பேலட்டில் நீலமே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் முன் அதை மட்டும் நான் சுருக்கிவிடுவேன். பக்கத்துப் பிக்சலின் நிறத்தை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் முறையில்தான், இல்லாவிட்டால் படத்திலேயே இல்லாத நிறங்கள் முளைக்கும். இமேஜ்மேஜிக் என்ற படக் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, எல்லாப் படத்துக்கும் ஒரே பேலட் போடும் அதன் பிளஸ் ரீமேப் (+remap) கட்டளை பாதி வேலையை முடித்துவிடும்.