சொல்லுக்கு 30 காசு

எழுதியதைப் படித்துச் செம்மை செய்பவருக்குக் காசு கொடுப்பதைப் பற்றி, முதல் புத்தகம் எழுதியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஆகவே அந்தத் தகுதியும் பாதிதான்.

1986இல் காரைக்குடி தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் பிஎஸ்என்எல்லை விட்டு ஒரே நாளில் வெளியே வந்த 70,000க்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். அடுத்த இரண்டு மாதத்தில் ஊரடங்கு. வேறு வேலையில்லாமல் எழுத உட்கார்ந்தேன். வாழ்நாளெல்லாம் தந்திக்குச் சொல்லை எண்ணி எண்ணிக் காசு வாங்கியவன், கையால் 640 பக்கம் எழுதித் தள்ளியிருந்தேன்.

புத்தகமாக்க விசாரித்தபோது முதலில் சிக்கியது, காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் ஒரு நிறுவனம். 65,000 ரூபாய், 300 பிரதி. அட்டை, லே-அவுட், அச்சு, வெளியீட்டு விழாவுக்கு அரங்கம், பொன்னாடை என்று பட்டியல் நீளமாக இருந்தது. ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாக 3,000. (இந்தியாவில் அந்த எண்ணைக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள முகமை இலவசமாகத்தான் தருகிறது. நாமே விண்ணப்பிக்கலாம்.) கடைசி வரியில் 'எடிட்டிங் – இலவசம்' என்று போட்டிருந்தார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஒற்றுப்பிழை எல்லாம் பார்த்துடுவோம் சார்" என்றார் அந்தத் தம்பி.

எனக்கு உறைத்தது அங்கேதான். பொன்னாடைக்குக்கூட விலை இருக்கிறது, எழுதியதைப் படித்துப் பார்க்கும் வேலைக்கு விலையே இல்லை. தமிழில் இதற்குக் காசு கொடுக்கும் பழக்கம் நமக்கு இல்லை. பெரும்பாலான பதிப்பகங்களுக்கும் இல்லை. எடிட்டிங் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் க்ரியா ராமகிருஷ்ணன் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கியவர், 2020 நவம்பரில் கொரோனாவில் இறந்துபோனார். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி என் மேஜையில் இருக்கிறது. இத்தனை பதிப்பகம் நடக்கும் ஒரு மொழியில் ஒரு வேலைக்கு உதாரணம் சொல்லச் சட்டென்று ஒருவர் பெயர்தான் வாயில் வருகிறது என்றால், அது அவருக்குப் பெருமை, நமக்கு இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மதுரையில் ஒரு பெண் எடிட்டர் இருக்கிறார். வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர், இப்போது வீட்டிலிருந்தே கையெழுத்துப்படிகளைப் படித்துச் செம்மை செய்து கொடுக்கிறார். என் மகள் வயதுதான். கட்டணம் சொல்லுக்கு 30 காசு. தந்தி ஆபீஸ் கணக்கேதான்! என்னுடையது ஏறக்குறைய 92,000 சொல், 27,600 ரூபாய் ஆயிற்று. அவர் அடித்துத் தூக்கி எறிந்த சொற்களுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முதல் 40 பக்கத்தில் நான் இந்தியத் தந்தியின் வரலாறு எழுதியிருந்தேன். 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே போட்ட சோதனைக் கம்பி, அதைப் போட்ட ஓஷாக்னசி துரை, எல்லாம். ராப்பகலாகத் தேடிச் சேர்த்தது. அந்த அம்மா மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டுவிட்டார். "இதெல்லாம் விக்கிப்பீடியாவிலேயே இருக்கு சார். உங்க ஆபீஸ்ல ராத்திரி டூட்டிக்கு எங்க படுத்துத் தூங்குவீங்க?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.

அப்புறம் இன்னொரு இடம். ஒன்பதாம் அத்தியாயத்தில் எங்கள் தந்தி சேவகர் ஒருவரைப் பற்றி ஒரே வரி வரும்: 'சைக்கிளில் சென்று தந்திகளைக் கொடுப்பார்.' ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "தந்தி இங்கிலீஷில் வரும். வீட்டில் ஆச்சி மட்டும் இருந்தால் யார் படித்துச் சொல்வது?"

அந்தச் சேவகர்தான் படித்துச் சொல்வார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'சீரியஸ்', 'எக்ஸ்பயர்டு', 'ஸ்டார்ட் இம்மீடியட்லி' மூன்றும் எழுத்தின் சாடையை வைத்தே தெரியும். எக்ஸ்பயர்டு, அதாவது இறந்துவிட்டார், என்றிருந்தாலும் அவர் சீரியஸ் என்றுதான் சொல்வார். "பஸ் ஏறிப் போகணும்ல, பொம்பள தனியா" என்பார். விதிப்படி அது தப்பு. ஒருமுறை அதனால் புகாரே வந்து, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். 27 வருடத் தந்தி அனுபவத்தில் எனக்கு இது எழுதத்தக்க விஷயமாகவே தோன்றவில்லை! அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதியதுதான் இப்போது புத்தகத்தின் முதல் அத்தியாயம்.

அதற்காக, அந்த அம்மா என்னைவிட நன்றாக எழுதுவார் என்றும் சொல்ல முடியாது. அவர் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை, வெட்டினார், கேட்டார், அவ்வளவுதான். "நீங்க பேசுங்க, நாங்க எழுதிக்கறோம்" என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. தொழிலதிபர்களுக்கு நேரமில்லை, அவர்களுக்கு அது சரி. எனக்கு நேரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஒருவரிடம் மாதிரிக்குப் பத்துப் பக்கம் வாங்கிப் பார்த்தேன். 'வாழ்க்கை எனும் தந்திக்கம்பி' என்று ஆரம்பித்திருந்தார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்போது நாலு பேர் அதே மாதிரித் தாளை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்கள். 'அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே' என்று இருந்தது, எத்தனை வருடத்துக்கு என்று இல்லை. காசும் நம்முடையது, உரிமையும் அவர்களுடையதா? வக்கீல் நண்பர் ஒருவர் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் பேனாவால் எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது புத்தகம் 224 பக்கம். ஒரே தாளாக அச்சடித்து மடிக்கும் ஃபாரத்துக்கு 16 பக்கம் என்று 14 ஃபாரம் சரியாக வருகிறது, அச்சகத்தில் தாள் வீணாகாது என்றார்கள். இடையில் 13 ஃபாரமாக்கிவிடலாமா என்று அந்த அம்மா கேட்டார். மறுத்துவிட்டேன். நான் ஜெயித்த ஒரே இடம் அது.

இன்பாக்ஸில் அவர் எண்ணைக் கேட்பவர்களுக்கு: அவர் கையில் ஏற்கெனவே இரண்டு நூல்கள் இருப்பதால் பங்குனிக்குப் பிறகுதான் புதிதாக எடுப்பாராம். அனுப்பும் முன் தாள்களுக்குப் பக்க எண் போட்டு அனுப்புங்கள். நான் போடவில்லை. மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறும்போது பை கிழிந்து 640 தாளும் ரோட்டில் போயிற்று. எட்டாம் அத்தியாயம் எது, பதினொன்று எது என்று அவர் வீட்டுத் தரையில் பரப்பிவைத்து அடுக்க எங்களுக்கு ஒரு முழுநாள் பிடித்தது. அதற்கு மட்டும் அவர் காசு வாங்கவில்லை.