போர்டில் ஒரு எண் போட்டால் என்ன?

கடலூரில் லாரன்ஸ் ரோட்டிலிருந்து மஞ்சக்குப்பம் வரை நடந்து பாருங்கள். 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டம் எத்தனை போர்டுகளில் தொங்குகிறது! கூடவே 'பிளான், எஸ்டிமேட், அப்ரூவல், வாஸ்து' என்று ஒரு வால்.

1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம், 37-ஆவது பிரிவு: ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாதவர் இந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது. மீறினால், அந்தச் சட்டம் எழுதிவைத்தபடி, முதல்முறை 500 ரூபாய் வரை அபராதம். (ஃபிளெக்ஸ் அடிக்கவே அதற்கு மேல் ஆகும்.)

வேடிக்கை என்னவென்றால், சட்டம் காப்பது பட்டத்தை மட்டும்தான், வேலையை அல்ல. பதிவில்லாதவர் வீட்டுக்கு வரைபடம் போடத் தடையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பதவிப்பெயரை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்றது. இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது சரியாகவே படுகிறது. எங்கள் வீட்டைக் கட்டியவர் ஒரு மேஸ்திரி. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்து முடிந்தபோது தெருவில் ஓடுகளும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளும் சிதறிக் கிடந்தன. அவர் போட்ட தளத்தில் ஒரு கீறல் இல்லை. அவர் தன்னை மேஸ்திரி என்றுதான் சொல்லிக்கொண்டார். எங்களுக்கும் யாரிடம் வேலை கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தது.

என் மைத்துனருக்கு அது தெரியவில்லை. போர்டை நம்பித்தான் அதற்குரிய கட்டணத்தைக் கொடுத்தார். இப்போது மாடிப்படியில் எட்டாவது படி ஏறும்போது பீம் நெற்றியில் இடிக்கிறது. விருந்தாளிகள் வந்தால், அவருடைய மகள் கீழே நின்று "குனிஞ்சு வாங்க மாமா" என்று குரல் கொடுக்கிறாள். பிறகு விசாரித்ததில், வரைந்தவர் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக, அதாவது அவர்கள் வடிவமைப்பதைப் படமாக வரைந்து தருபவராக, இருந்தவராம். அந்த வேலையைச் சொல்லி வந்திருந்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மைத்துனரும் வேறொருவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்திருப்பார்.

'இன்ஜினியர்' என்ற பெயருக்கு இந்தக் காவல்கூடக் கிடையாது. அதற்கென்று நாடு தழுவிய சட்டமே இல்லை. அது தனிக் கதை.

அபராதத்தைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. புகார் கொடுத்து, வழக்கு நடந்து, தீர்ப்பு வருவதற்குள் வீடு கட்டி முடிந்துவிடும். பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் கவுன்சில் ஒரு எண் தருகிறது. அதை போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் பெயருக்குக் கீழே போடச் சொன்னால் போதும். எண் இல்லாதவர் 'வீட்டு வரைபடம் வரைந்து தரப்படும்' என்று எழுதிக்கொள்ளட்டும். அதற்கும் ஆள் வரும், நானே போவேன்.