ஐந்தாம் யூனிட்டில் அம்பேத்கர்

அரசியல் கோட்பாடு அறிமுகத் தாளில் 'உலகப் பார்வைகள்' வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் பிளேட்டோ, ஹாப்ஸ், லாக், மில், மார்க்ஸ் என்று ஐரோப்பியர்களே நாலு யூனிட் நிதானமாக ஓடுவார்கள். கௌடில்யர், வட ஆப்பிரிக்க வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், அம்பேத்கர், காலனி ஆட்சியை எதிர்த்து எழுதிய ஃபனோன் எல்லோரையும் ஐந்தாம் யூனிட்டில் ஷேர் ஆட்டோ மாதிரி அடைத்துவிடுவார்கள். பிள்ளைகள் விவரமானவர்கள், அந்த யூனிட்டை அப்படியே சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள்.

சென்னையில் இந்தப் பாடம் எடுக்கிறவள் நான். புதுப் பெயர்களைச் சேர்ப்பது இருக்கட்டும், பழைய பெயர்களை இங்கே உட்கார்ந்து படித்தாலே பாடம் மாறிவிடும் என்பேன்.

மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிமனித சுதந்திரம் என்றாலே அவர்தான். 1859இல் வந்த அவருடைய 'ஆன் லிபர்ட்டி' புத்தகத்திலேயே, 'பின்தங்கிய' சமூகங்களுக்கு இது பொருந்தாது, அவர்களை முன்னேற்றுவதற்காக என்றால் சர்வாதிகாரமும் சரிதான் என்கிறார். 1823 முதல் 1858 வரை அவருக்குச் சோறு போட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகம். நம்ம ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆண்ட அதே கம்பெனி. மதராஸ் மாகாணத்தில் நிலவரிக்காக விவசாயிகளைச் சித்திரவதை செய்ததை விசாரித்த குழு 1855இல் அறிக்கையே கொடுத்தது. ஆளைக் குனியவைத்து, கழுத்துக்கும் கால்விரலுக்குமாகக் கயிறு போட்டுக் கட்டுவது அதில் வரும் ஒரு வகை. அந்தப் பக்கத்தையும் மில்லையும் சேர்த்துக் கொடுத்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது.

நம் பெருமைகளுக்கும் இதே மரியாதைதான். உத்திரமேரூர்க் குடவோலையைக் காட்டி 'அப்போதே ஜனநாயகம்' என்று மார்தட்டுவதற்கு முன், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டை முழுசாகப் படியுங்கள். குடத்தில் பெயர் விழவே இத்தனை தகுதி வேண்டும்: வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேத அறிவு. பிராமணர் சபை அது. சொத்தைக் காக்கத்தான் அரசு என்ற லாக்கோடு இதை வைத்துப் பேசினால் ஒரு வாரம் வகுப்பு சூடாக ஓடும். இப்னு கல்தூன் 1377லேயே, ஒரு வம்சத்தின் பிடி சில தலைமுறைகளில் தளர்ந்துவிடும் என்று எழுதினார். அதைச் சொன்னதும் வகுப்பில் யார் யார் பெயர் அடிபடும் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே மேடம்?' என்பார்கள். பிளேட்டோவை இரண்டு வாரத்தில் முடியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். 1907இல் ராயப்பேட்டையில் பத்திரிகை தொடங்கிய தலித் சிந்தனையாளர் அயோத்திதாசருக்கு இடம் கிடைக்கும்.

அப்புறம் கேள்வித்தாள். 'மில்லின் சுதந்திரக் கோட்பாட்டை விவரி' என்றால் கைடை ஒப்பித்துவிட்டுப் போவார்கள். வரி கட்ட முடியாத செங்கல்பட்டு விவசாயி மில்லிடம் என்ன கேட்டிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு இன்னும் கைடு வரவில்லை.